மாளிகையும் இசையும்: வெனிஸ் நகரப் பிசானி மாளிகை இசைக்கல்லூரியான வரலாறு

ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் பிரபுகுலத்தவரின் பழைய மாளிகைகள் இன்று நூதனசாலைகளாகவும் நூலகங்களாகவும் இசைக்கல்லூரிகளாகவும் விளங்குவதைக் காண்கிறோம். இம்மாற்றம் பெரும்பாலும் ஒரு நற்செய்தியாகவே எடுத்துரைக்கப்படுகிறது. சிலரது இன்பத்துக்கென எழுந்த மண்டபங்கள் காலப்போக்கிற் பலருக்கும் உரியனவாயின என்பதே அவ்வெடுத்துரைப்பின் சாரம். இது பொய்யன்று, ஆயின் முழு உண்மையுமன்று. யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தகைய நிலைமைகளில், எவற்றை இழந்து அக்கட்டடம் மாறியது என்ற வினா இங்கு எழுப்பப்படுவதில்லை. இசைக்கல்லூரியைப் பொறுத்தவரை மற்றுமொரு வினாவும் உண்டு. கல்லூரி மாளிகையினுள் நுழைவதற்கு முன்னர் அந்நகரில் இசையை யார் கற்றனர்? எங்கே கற்றனர்?

இவ்வினாக்களை மனங்கொண்டு, இத்தாலியின் வெனிஸ் நகரில் சாந்தோ ஸ்தேபனோ சதுக்கத்தை அடுத்து நிற்கும் பிசானி மாளிகையின் வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குவோம். அந்நகரத்தின் மிகப் பெரிய தனியார் மாளிகைகளுள் ஒன்றான இதிலேதான் பெனெடெற்றோ மார்ச்செல்லோ இசைக்கல்லூரி இன்று இயங்குகிறது. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் மாளிகையைப் பற்றியும் இசை வரலாற்றாசிரியர் கல்லூரியைப் பற்றியும் தனித்தனியே எழுதி வந்துள்ளனர். இரண்டையும் ஒருசேர வைத்து நோக்கும்போதே, அத்தனி வரலாறுகளிற் புலப்படாத சில உறவுகள் தெரியவருகின்றன.

முதலிற் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். பிசானி குடும்பத்தினர் வெனிஸ் குடியரசின் பழைய பிரபுகுலத்தவர். வணிகத்தாலும் வங்கித்தொழிலாலும் பொருள் ஈட்டியவர். மாளிகையின் கட்டட வேலை 1614ஆம் ஆண்டளவிலே தொடங்கியது. அதன் முதற் கட்டத்தை அமைத்தவர் பார்த்தொலொமியோ மொனோப்பொலா எனக் கொள்வர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளியின் பின், 1728ஆம் ஆண்டு முதல், பாதுவா நகரத்துக் கோமகனான ஜிரோலமோ பிரிஜிமேலிக்கா அதனை விரித்துக் கட்டினார். ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரு முற்றங்களும் அவற்றுக்கிடையே அடுக்கடுக்காக எழும் திறந்த நடைகூடங்களும் இம்மாளிகையின் தனிச்சிறப்பாகும்.

பறோக் என்னுஞ் சொல், வடிவு கோணிய முத்தைக் குறித்த போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததெனப் பொதுவாகக் கூறுவர். 1888இல் ஹைன்றிக் வொல்பிலின் எழுதிய நூல் முதலாக இப்பாணியின் வடிவப் பண்புகள் நுணுக்கமாக ஆராயப்பட்டுள்ளன. பேரளவு, அசைவு, ஒளியும் நிழலும் மோதும் தன்மை, காண்போரை வியப்பில் ஆழ்த்தும் நாட்டம் என்பன அப்பண்புகளுட் சில. வடிவவாதிகளின் இவ்வவதானங்களை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஆனால் வியப்பு என்பது தானாகத் தோன்றுவதொன்றன்று. அது யாராலோ யாருக்கோ ஊட்டப்படுவது. வெனிஸ் நகரப் பிரபுகுலம் தனது கடல்வணிகம் தளரத் தொடங்கிய காலத்திலே, இத்தாலியப் பெருநிலப்பரப்பில் விளைநிலங்களை வாங்கி, நிலவருமானத்தில் வாழும் வர்க்கமாகப் படிப்படியாக மாறிற்று. பிசானி மாளிகையின் இரண்டாங் கட்டம் இம்மாற்றம் முற்றுப்பெற்ற காலத்துக்குரியது. இதே குடும்பத்தினருக்காக இதே பிரிஜிமேலிக்கா, பிரென்டா ஆற்றங்கரையிலுள்ள ஸ்த்ரா என்னுமிடத்தில் 1721இல் ஒரு நாட்டுப்புற அரண்மனைக்குத் திட்டம் வகுத்தார். அதன் மண்டபக் கூரையில் 1761-62இல் தியெப்போலோ தீட்டிய ஓவியத்திலே பிசானி குடும்பத்தினர் முகில்களிடையே தெய்வநிலை எய்துகின்றனர். கீழே, வெனெற்றோ நிலப்பரப்பின் உழவரோ மக்காச்சோளக் கூழையே பெரும்பாலும் உண்டு, அவ்வுணவின் குறைபாட்டால் விளையும் பெலக்கிரா நோய்க்கு அந்நூற்றாண்டிலேதான் இரையாகத் தொடங்கினர். ஓவியத்துக்கும் நோய்க்கும் நேரடிக் காரண காரியத் தொடர்பு கற்பித்தல் கொச்சைச் சமூகவியலாகும். ஆயினும் இரண்டும் ஒரே நிலவருமானத்தின் இரு முகங்கள் என்பதை மறத்தல் அதனினும் பெருந்தவறு.

செல்வம் சிதறாது பேணப்பட்ட முறையும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. சகோதரர்கள் சொத்தைப் பிரிக்காது கூட்டாக வைத்திருப்பர். பெரும்பாலும் ஒருவரே மணஞ்செய்வார். சீதனச் செலவை அஞ்சிப் பெண்மக்களுட் பலர் கன்னியர் மடங்களுக்கு அனுப்பப்படுவர். சொத்தை விற்கவோ பிரிக்கவோ முடியாதபடி பரம்பரைக்குக் கட்டிவைக்கும் சட்ட ஏற்பாடும் இருந்தது. மாளிகையின் சுவர்களைத் தாங்கி நின்றவை மரத்தூண்களும் கல்லும் மாத்திரமல்ல, இவ்வுரிமைச் சட்டமுமே.

இனி இசைக்கு வருவோம். மாளிகையை விரித்துக் கட்டிய பிரிஜிமேலிக்காவே இசைநாடகங்களுக்குப் பாடல் எழுதியவர் என்பது பலரும் அறியாத செய்தி. அலெஸ்ஸாந்திரோ ஸ்கார்லாற்றி 1707இல் வெனிஸ் நகரில் மேடையேற்றிய மித்திரிதாத்தே யூப்பாத்தோரே என்னும் இசைநாடகத்தின் உரை அவருடையது. மாளிகையும் இசைநாடகமும் ஒரே வர்க்கத்தின் காட்சியரங்குகளாய் இருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. 1637இல் திரோன் என்னும் பிரபு குடும்பத்தினர் சான் காசியானோ அரங்கைக் கட்டணஞ் செலுத்துவோர்க்குத் திறந்துவிட்டனர். இசைநாடகம் அரசவையின் விருந்து என்ற நிலையிலிருந்து விலைக்குரிய பண்டமாக மாறிய முதற் சந்தர்ப்பங்களுள் இது தலையாயது. அரங்கின் உடைமையாளர் பிரபுக்கள். தனிமாடங்களை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தோருட் பெரும்பாலாரும் பிரபுக்கள். மேடையில் நின்றவர்களோ கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள்.

அவ்வாறாயின் இசைக்கல்வி எங்கே நிகழ்ந்தது? மாளிகைகளில் அன்று; அநாதை இல்லங்களில். கொன்சேர்வற்றோரியோ என்று இன்று இத்தாலியர் இசைக்கல்லூரிக்கு வழங்கும் பெயரே பேணிக்காக்கும் இல்லம் என்ற பொருளுடையது. 16ஆம் நூற்றாண்டு முதலாக நாப்போலி நகரில் அநாதைச் சிறுவரைப் பேணிய இல்லங்களுக்கே அப்பெயர் முதலில் வழங்கிற்று. அச்சிறுவருக்குப் பிழைப்புக்கென ஒரு தொழிலாக இசை பயிற்றப்பட்டது. வெனிஸ் நகரில் இதே பணியைச் செய்தவை பியெற்றா, மென்டிக்கன்ரி, இன்குராபிலி, டெரெலிற்றி என்னும் நான்கு தரும இல்லங்கள். இங்கு பயின்றோர் பெண்கள். பியெற்றாவில் கைவிடப்பட்ட குழந்தைகள் வளர்க்கப்பட்டனர். அவர்களுக்குக் குலப்பெயர் இல்லை. ஆதலின் வாசித்த கருவியே பெயராயிற்று. விவால்டியிடம் பயின்று ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்ற பெண்மணி ‘வயலின் அன்னா மரியா’ என்றே ஏடுகளிற் குறிக்கப்படுகிறார். தொழிற் கருவி மனிதரின் பெயராகிவிடும் இந்நிலையை அரசியற் பொருளாதார நூல்களில் நாம் படித்ததுண்டு. இசை வரலாற்றில் அது எழுத்துக்கு எழுத்து உண்மையாய் அமைந்துள்ளது.

இப்பெண்கள் கம்பித்தட்டிகளின் பின்னே மறைந்து நின்று பாடினர். 1743-44இல் வெனிஸ் நகரில் வாழ்ந்த ரூசோ இதனைத் தம் வாழ்க்கை வரலாற்றிற் பதிவு செய்துள்ளார். திருமணம் செய்து வெளியேறுவோர் பொதுவிடங்களில் இசைப்பதில்லையென உறுதிசெய்து கொடுத்தல் பொதுவிதி. மதலேனா லொம்பார்தினி போன்ற ஒருசிலரே அதனைத் தாண்டிப் பாரிசிலும் லண்டனிலும் மேடையேறினர். 1782இல் உருசிய இளவரசரை வரவேற்கும்பொருட்டு நிகழ்ந்த இசை நிகழ்ச்சியைப் பிரான்செஸ்கோ குவார்தி தீட்டியுள்ளார். கரிய ஆடையணிந்த தரும இல்லப் பெண்கள் சுவரை ஒட்டிய மாடங்களில் வரிசை வரிசையாக நெருங்கி நிற்கின்றனர். கீழே விளக்கொளியில் பிரபுக்களும் சீமாட்டிகளும் உரையாடிக்கொண்டிருக்கின்றனர். பாடுவோரைத் திரும்பிப் பார்ப்போர் அதிகமில்லை.

இந்த உழைப்பின் மீதே வெனிஸ் இசையின் பெருமை எழுந்தது. பிசானி மாளிகையிலும் கல்வி முயற்சி இல்லாமலில்லை. அல்மொறோ பிசானியின் ஆதரவில் 1763 முதல் 1766 வரை அங்கே ஓர் ஓவியப் பயிற்சிக் கழகம் இயங்கியது. பியெத்ரோ லொங்கி அதற்குத் தலைமை தாங்கினார். பெரியதொரு நூலகமும் நாணயத் தொகுதியும் இருந்தன. ஆயின் மாளிகையிற் கலை சேகரிக்கப்பட்டது, காட்சிக்கு வைக்கப்பட்டது, ஓரளவு கற்பிக்கவும்பட்டது. இசைத்தொழிலாளரை உருவாக்கும் வேலை மாத்திரம் தரும இல்லங்களின் தலையில் விடப்பட்டது.

1797 மே 12இல் வெனிஸ் குடியரசு நெப்போலியனின் படைகளின் முன்னே தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. பிரபுகுலத்தின் வீழ்ச்சிக்குச் சூதும் ஆடம்பரமுமே காரணமென ஒழுக்கவியல் நோக்கிற் கூறுவாருளர். அவையும் இருந்தனவே. எனினும் தீர்க்கமான அடி வேறு. பதவிகளால் வந்த வருமானம் நின்றது; போர்க்கால வரிகள் ஏறின; 1806இல் இத்தாலிய இராச்சியத்தில் நடைமுறைக்கு வந்த நெப்போலியச் சட்டக்கோவை, சொத்தைப் பரம்பரைக்குக் கட்டிவைக்கும் பழைய ஏற்பாட்டை ஒழித்தது. கட்டு அவிழ்ந்ததும் சொத்துகள் பங்கிடப்பட்டன. பங்குகள் சந்தைக்கு வந்தன. ஸ்த்ரா அரண்மனையைப் பிசானி குடும்பத்தினர் 1807இல் நெப்போலியனுக்கே விற்றனர். அவர் அதனைத் தம் வளர்ப்பு மகனும் இத்தாலியப் பதிலரசருமான யூஜின் போஆர்னேக்கு அளித்தார். மிலான் நகரில் அரசு இசைக்கல்லூரியொன்றை நிறுவும் ஆணையை அதே 1807இல் பிறப்பித்தவரும் இந்த யூஜினே என்பது சுவையானதொரு பொருத்தம். பிரான்சியப் புரட்சி 1795இல் பாரிசிலே தோற்றுவித்த இசைக்கல்லூரியின் முன்மாதிரி அதன் பின்னே நின்றது. தருமத்தின் பொறுப்பிலிருந்த இசைக்கல்வி அரசின் பொறுப்பாகும் வரலாற்றுத் திருப்பம் இதுவே. வெனிஸ் நகரின் தரும இல்லங்களில் இன்குராபிலி இதற்கு முன்னரே, 1770களின் பிற்பகுதியில், கடனில் மூழ்கிவிட்டிருந்தது.

பிசானி மாளிகை துண்டு துண்டாக வெறுமையாகிற்று. நூலகம் விற்கப்பட்டது. அறைகள் வாடகைக்குப் போயின. சுவிற்சலாந்து ஓவியர் லியோபோல்ட் றொபேட் தம் ஓவியக்கூடத்தை அங்கேதான் வைத்திருந்தார்; 1835 மார்ச்சில் அங்கேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எல்லாவற்றினும் விசித்திரமானது மாளிகைக் கூரையின் கதை. ஜியோவன்னி அன்ரோனியோ பெல்லெகிரினி தீட்டிய ‘வைகறைத் தேவியின் தேர்’ என்னும் ஓவியம் பதின்மூன்று துணிகளாலானது. ஆதலாற் கழற்றியெடுக்கக் கூடியது. அது அற்லாந்திக் கடலைக் கடந்து, புகைவண்டிப் பாதைகளாற் பெருஞ்செல்வமீட்டிய வன்டர்பில்ற் குடும்பத்து ஜோர்ஜ் வன்டர்பில்ற் வட கரோலினாவிற் கட்டி 1895இல் திறந்த பில்ற்மோர் மாளிகையின் நூலகக் கூரையிற் பொருத்தப்பட்டது. இன்றும் அங்கேயே உள்ளது. வெனிஸ் பிரபுவின் நிலவருமானம் வாங்கியதை அமெரிக்க முதலாளியின் இலாபம் வாங்கிக்கொண்டது. மாளிகையிற் கழற்றக்கூடியன யாவும் இவ்வாறு தனியார் கைகளுக்குச் சென்றன. கழற்ற முடியாத சுவர்களும் முற்றங்களுமே பொதுமக்களின் பங்காயின.

வெனிஸ் 1866இல் இத்தாலிய இராச்சியத்துடன் இணைந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1876இல், நகரத்து இசையார்வலர் ஒரு சங்கமும் அதனோடு ஒரு இசைப்பள்ளியும் தொடங்கினர். 19ஆம் நூற்றாண்டு முடிந்து அடுத்தது பிறந்த காலப்பகுதியில், மாநகரசபையின் கைக்கு வந்த பிசானி மாளிகை இப்பள்ளிக்கு இருப்பிடமாயிற்று. 1903 முதல் 1909 வரை அதன் தலைவராக இருந்தவர், கொல்டோனியின் நகைச்சுவை நாடகங்களை இசைநாடகங்களாக்கிய வொல்ப்-பெராரி. 1940இல் பள்ளி அரசு இசைக்கல்லூரியாகத் தரமுயர்ந்தது.

பள்ளிக்கு இடப்பட்ட பெயரிலே சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும். பெனெடெற்றோ மார்ச்செல்லோ பிரபுகுலத்தவர். குடியரசின் பதவிகளை வகித்தவர். இசையைத் தொழிலாகவன்றி ஆர்வத்தாற் பயின்றவராகவே தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டவர். அவரது திருப்பாடல் இசைத்தொகுதி மெய்யாகவே உயர்ந்த படைப்பு. ஆனால் 1720இல் அவர் பெயரிடாது வெளியிட்ட ‘நாகரிக அரங்கு’ என்னும் அங்கத நூல், கூலிக்கு இசையமைப்போரையும் பாடுவோரையும் எள்ளி நகையாடுகிறது. அதன் முகப்பிலேயே விவால்டியின் பெயர் எழுத்துகள் மாற்றி வைக்கப்பட்டுக் கேலிக்குள்ளாகிறது. விவால்டி யார்? சவரத்தொழிலிலிருந்து வயலினுக்கு வந்த ஒருவரின் மகன். 1703 முதல் பியெற்றா இல்லத்தின் சம்பள ஆசிரியர். 1741இல் வியன்னாவில் வறுமையுற்று இறந்தவர். எள்ளியவரின் பெயர் கல்லூரியின் வாயிலிற் பொறிக்கப்பட்டது. எள்ளப்பட்டவரைக் கல்லூரி தோன்றிய காலத்தில் அவர் பிறந்த நகரமே பெரிதும் மறந்திருந்தது. இதிற் சூழ்ச்சி எதுவுமில்லை. மார்ச்செல்லோவின் நூல்கள் அழகிய அச்சுப் பதிப்புகளாகக் குலத்தவரின் நூலகங்களில் இருந்தன. விவால்டியின் படைப்புகளிற் பெரும்பகுதி கையெழுத்துக் கட்டுகளாக எங்கோ கிடந்தது. ஒரு சமூகம் எதை நினைவிற் கொள்கிறது என்பதை அதன் சுவை மாத்திரம் தீர்மானிப்பதில்லை. ஏடுகள் யாருடைய அலுமாரியில் இருந்தன என்பதும் தீர்மானிக்கிறது.

அக்கட்டுகள் வெளிவந்த கதையும் மாளிகைகளின் கதையோடு ஒத்ததே. வெனிஸ் நகரில் ஒஸ்திரியத் தூதராயிருந்த கோமகன் துராற்சோவிடம் அவை சேர்ந்திருந்தன. குடும்பச் சொத்து பிரிந்தபோது தொகுதியும் இரண்டாகப் பிளந்தது. 1926இல் பியெமொந்தே பகுதியிலுள்ள சலேசியத் துறவியர் கல்லூரி தன் கட்டட வேலைக்குப் பணந்தேடி ஒரு பாதியை விற்க முனைந்தபோதே அறிஞர் கண்ணிற் பட்டது. ரியூறின் பல்கலைக்கழகத்து இசைப் பேராசிரியர் அல்பேர்த்தோ ஜென்ரிலி அதன் பெறுமதியை உணர்ந்தார். றொபேர்த்தோ பொஆ, பிலிப்போ ஜியோர்டானோ என்னும் இரு செல்வர், இறந்துபோன தத்தம் சிறு மைந்தரின் நினைவாக இரு பாதிகளையும் வாங்கி ரியூறின் நூலகத்துக்கு அளித்தனர். 1938இன் இனச்சட்டங்கள் வந்தபோது, யூதரான ஜென்ரிலி தம் பதவியை இழந்தார். தாம் மீட்ட விவால்டியைப் பாசிச அரசு தன் தேசியப் பெருமையாகக் கொண்டாடியதை அவர் வெளியே நின்று பார்க்க நேர்ந்தது.

பிசானி மாளிகைக் கல்லூரிக்கு 1939 முதல் 1952 வரை தலைமை தாங்கியவர் ஜியான் பிரான்செஸ்கோ மலிப்பியெரோ. இவரும் வெனிஸ் பழங்குடிப் பிரபு மரபினர். பாசிசத்தோடு இவருக்கிருந்த உறவு நேரானதன்று. 1934இல் இவரது இசைநாடகமொன்று முசோலினியின் கட்டளையால் நிறுத்தப்பட்டது. 1936இல் தம் அடுத்த இசைநாடகத்தை முசோலினிக்கே இவர் சமர்ப்பித்தார். இதனை மூடிமறைத்து எழுதும் வாழ்க்கை வரலாறுகள் அவருக்கும் நமக்கும் உதவா. அதே மலிப்பியெரோவே 1926 முதல் 1942 வரை மொன்ரவேர்டியின் முழுத்தொகுதியைப் பதிப்பித்தார். 1947இல் விவால்டி நிறுவனம் தோன்றியபோது அதன் கலைப்பொறுப்பை ஏற்றார். றிக்கோர்டி பதிப்பகத்தின் வழியே விவால்டியின் கருவியிசை 530 தொகுதிகளாக 1972ஆம் ஆண்டளவில் நிறைவுபெற்றது. மார்ச்செல்லோவின் பெயர் தாங்கிய கட்டடத்தின் தலைவரே விவால்டியின் ஏடுகளைத் தாள்தாளாக மீட்டெடுத்தவர்களுள் முதல்வராயினார்.

இவ்வேலை தனியொருவரால் முடிவதன்று. போருக்குப் பின் கல்லூரியிற் கற்பித்த புரூனோ மடேர்னா, விவால்டியின் படைப்புகளைப் படியெடுப்பதிற் பங்குகொண்டார். தாயைச் சிறுவயதில் இழந்து, ‘அற்புதக் குழந்தை’யென மேடைகளிற் காட்டப்பட்டு வளர்ந்தவர் அவர், பழைய தரும இல்லங்களின் பிள்ளைகளுக்கு உறவினர் எனலாம். மலிப்பியெரோவிடம் 1940களின் முற்பகுதியிற் பயின்றவரும் பின்னர் மடேர்னாவின் மாணவரானவரும் லூயிஜி நோனோ. 1952இல் இத்தாலியக் கம்யூனிஸ்ற் கட்சியிற் சேர்ந்த நோனோ, 1964இல் ஜெனோவா நகர உருக்காலையின் ஒலிகளையும் தொழிலாளரின் குரல்களையும் நாடாவிற் பதிந்து ‘ஒளியூட்டப்பட்ட தொழிற்சாலை’ என்னும் படைப்பை ஆக்கினார். பழைய இசையைப் படியெடுத்துக் கற்ற கல்வியே அவரது புதுமைக்கு அடிப்படையாயிற்று. மரபைக் கற்றல் பிற்போக்கு என்றும், புதுமை செய்வோர் மரபை எறிந்துவிட வேண்டுமென்றும் நம்மிடையே சிலர் கருதுவதுண்டு. பிசானி மாளிகையின் அனுபவம் அவர்களுக்குச் சாதகமாக இல்லை.

இன்றைய நிலை பற்றியும் சில சொல்லவேண்டும். 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய வெனிஸ் நகரில் 2022ஆம் ஆண்டு ஆவணியில் மக்கட்தொகை 50,000க்குக் கீழே இறங்கிற்று. மாளிகைகள் பல உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. டான்டோலோ குடும்பத்தின் மாளிகை 1822இலேயே அவ்வழி சென்றது. சந்தை விதிப்படி நோக்கினாற் பிசானி மாளிகையும் அவ்வழியே சென்றிருக்கும். பொதுவுடைமையாக இருந்தமையாலேயே அதன் அறைகளில் விருந்தினரின் பெட்டிகளன்றி மாணவரின் வாத்தியங்கள் இருக்கின்றன. ஆனாற் பொதுவுடைமைக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. வெனிஸ் மாளிகைகளின் தரைத்தளம் தொன்றுதொட்டு வணிகரின் பண்டசாலை; கடல் ஏறும் நகரில் அங்கு தாள் வைப்பது ஆபத்தானது. கல்லூரியின் இசையேடுகளில் ஒரு பகுதி அத்தளத்திலேதான் இருந்தது.

2019 நவம்பர் 12 இரவு கடல்மட்டம் 187 சென்ரிமீற்றருக்கு உயர்ந்தது. 1966இன் பெருவெள்ளத்தின் பின் அந்நகரம் கண்ட மிகப்பெரிய ஏற்றம் அது. ஆண்டுக்கணக்கிற் பிந்திய கடற்றடுப்பு அணை முதன்முறையாக நீரை மறித்தது அடுத்த ஆண்டு ஒக்ரோபரில்தான். அந்த நவம்பரில் கையெழுத்துப் பிரதிகளும் பழைய அச்சு ஏடுகளும் உப்புநீரில் ஊறின. கல்லூரி மாணவரும் நகரத்து இளைஞரும் தொண்டராக வந்து, நனைந்த கட்டுகளைத் தூக்கி எடுத்து, ஈரம் உறிஞ்சும் தாள்களை இடையிட்டு, ஒவ்வொரு தாளாகப் பிரித்து உலர்த்தினர்.